துருப்பிடிக்காத நீல வண்டி

சனிக்கிழமை காலையில் காருக்கு எண்ணெய் தேய்ப்பது என் வேலை.

மாட்டுக் கொம்புக்குத் தேய்ப்பார்கள், வண்டி அச்சுக்குத் தேய்ப்பார்கள், காருக்கு யாராவது எண்ணெய் தேய்ப்பார்களா என்று என் தங்கை கடிதத்தில் கேட்டுச் சிரித்திருந்தாள். செஞ்சியில் எங்கள் வீட்டில் தேய்த்தோம். மாமனாருக்கு எண்ணெய் மில் இருந்தது. வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள். வல்லம், சிங்கவரம் பக்கத்து மல்லாட்டை மூட்டை மூட்டையாக எங்கள் மில்லுக்கு வரும். இரும்பு துருப்பிடிக்கும், துருவைத் தடுக்க எண்ணெய் போட வேண்டும், எண்ணெய்க்கு வீட்டில் பஞ்சமில்லை. மாமனார் யோசித்தது அவ்வளவுதான். வாரம் தவறாமல் ஒரு கிண்ணம் எண்ணெயும் கிழிந்த வேட்டித் துணியும் என் கைக்கு வந்துவிடும். மில்லிலிருந்து பறந்து வரும் தோல் தூசி அந்த எண்ணெயின்மேல் படியும். அடுத்த வாரம் அதன்மேல் மறுபடியும் எண்ணெய். கார் நீல நிறம் என்று, நான் மருமகளாக வந்தபோது சொன்னார்கள். விசுவாசத்தின் பேரில்தான் ஒப்புக்கொண்டேன்.

பாண்டிச்சேரியில் மல்லாட்டையைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரருடைய கார் அது. பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியைக் காலி செய்த சமயத்தில் அவர் அதை மாமனாரிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். ஸ்டியரிங் இடது பக்கம். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரைதான் உயரம். செஞ்சி வரைக்கும் ஓடி வந்து, மாமனாரை ஏற்றிக்கொண்டு சில ஞாயிற்றுக்கிழமைகள் மாதா கோயில் பூசைக்கும் போய்வந்து, ஒரு நாள் நின்றுவிட்டது. ஊர் மெக்கானிக் வந்து முன்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே ஸ்டெப்னி மட்டும் இருந்தது. "எஞ்சின எவனோ கழட்டிக்கினு பூட்டான், மொதலாளி!" என்று அவர் கத்திக் கூட்டம் சேர்த்துவிட்டாராம். என் கணவர் பின்பக்கத்தைத் திறந்து எஞ்சினைக் காட்டிய பிறகும் அவர் சமாதானமாகவில்லை. முன்னால் எஞ்சின் இல்லாத வண்டியைத் தொடமாட்டேன் என்று போய்விட்டார்.

பிறகு அதைக் கொட்டகைக்குள் தள்ளும்போது முன் மூலை சுவரில் இடித்து விரிசல் விட்டது. பஸ் ஷெட்டிலிருந்து டிங்கர் வந்தார். தட்டினால் நிமிரும் என்று சுத்தியலை எடுத்தார். தட்டத் தட்ட விரிசல்தான் நீண்டது. "இது சீமை இரும்புங்க, நம்ம சுத்திக்கு மசியாது" என்று சொல்லிவிட்டு, விரிசல்மேல் ஒரு தகரத்தை வைத்து ரிவெட் அடித்துவிட்டுப் போனார். இதெல்லாம் நான் வருவதற்கு முன்னால் நடந்தவை. என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த வீட்டில் சிரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் பாண்டிச்சேரிக்காரி. என் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. கப்பலில் வந்து இறங்கும் கார்களின் விவரத்தைப் பதிவு செய்வது அவர் வேலை. அங்கே அதிகாரிகள் படித்துப் போட்ட மோட்டார் பத்திரிகைகளை வீட்டுக்கு எடுத்துவருவார். எனக்கும் தங்கைக்கும் அதில் ஒரு விளையாட்டு இருந்தது. காரின் படத்தைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு சக்கரத்தையோ ஒரு விளக்கையோ மட்டும் காட்டி, என்ன கார் என்று கேட்க வேண்டும். முகப்பைக் காட்டினால் யாரும் சொல்லிவிடுவார்கள். சக்கரத்தில் எத்தனை போல்ட்டு, கதவுப் பிடி மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதை வைத்துச் சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம். நான் எப்போதும் ஜெயிப்பேன், தங்கை அழுவாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துத் தேறினேன். கன்னியாஸ்திரீகள் தங்கள் பள்ளியிலேயே டீச்சராக வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதற்குள் செஞ்சியிலிருந்து சம்பந்தம் வந்துவிட்டது. நல்ல வேதக்காரக் குடும்பம், மில் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. வேறென்ன வேண்டும் என்றார்கள்.

வாசல் வேண்டும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. எங்கள் வீடு மில்லுக்குப் பின்னால் இருந்தது. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. மில் ஆபீஸ் அறைக்குள் புகுந்துதான் தெருவுக்குப் போக வேண்டும். அந்த அறையில் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை மாமனார் உட்கார்ந்திருப்பார். "எங்கம்மா?" என்பார். அதட்டமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். கடைக்கு என்று சொன்னால், "நீ எதுக்கு வெயில்ல? ஆள அனுப்பறேன்" என்று உடனே ஆள் அனுப்பிவிடுவார். தங்கைக்குக் கடிதம் போட வேண்டும் என்றால் வாங்கி வைத்துக்கொண்டு அவரே ஆள் மூலம் தபாலில் சேர்த்துவிடுவார். இந்த அக்கறையை யாரிடம் போய்க் குறை சொல்வது? மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டுக்கும் மில் ஆட்களுக்கும் சேர்த்து நான்தான் சமையல். சுற்றிலும் மலை. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்ளும் பாறை, ராத்திரியில் அதை நம்மேல் கொட்டும். திருவண்ணாமலையிலிருந்து வரும் பஸ் மில்லுக்கு எதிரே நிற்கும்போது கண்டக்டர் "பாண்டி, பாண்டி" என்று கத்துவது அடுப்பங்கரை வரை கேட்கும். ஆரம்பத்தில் அதைக் கேட்டு அழுதேன். பிறகு கோபம்தான் வந்தது. அந்தக் கண்டக்டர்மேல்கூடக் கோபம் வந்தது.

எண்ணெய் தேய்த்து முடித்த பிறகு, காருக்குள் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். கொட்டகைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். அந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான்.

கோடை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை அப்படி உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது கதவு திறக்கவில்லை. பிடியைத் திருப்பினால் தாழ் விலகும் சத்தம் கேட்டது, ஆனால் கதவு சட்டத்துக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. தோளால் இடித்தேன். அசையவில்லை. இன்னொரு பக்கத்துக் கதவை ஒட்டிப் பிண்ணாக்கு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி பாதிதான் நகரும். அதன் வழியாகத் தலை போகும், மற்றதெல்லாம் போகாது. கொட்டகைக்குத் தகரக் கூரை. வெயில் ஏற ஏற உள்ளே மூச்சு முட்டியது.

கத்தியிருக்கலாம். கத்தினால் மில் ஆட்கள் ஓடிவருவார்கள், பின்னாலேயே மாமனாரும் வருவார். மருமகள் காருக்குள் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாள்? என்றுதான் கேட்பார். உலை கொதித்து அடங்கியிருக்கும், சோறு எங்கே என்று யாராவது தேடிவரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. வெளியே வருவதற்குக்கூட ஒரு காரணம் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்தபோது ஆத்திரம் தாங்கவில்லை. கதவின் உட்புறத்து மெத்தைத் துணியைப் பிடித்துக் கிழித்தேன்.

கிழிந்த துணிக்குப் பின்னால் இரும்பு இல்லை. சாக்குப் பின்னல்போல நார் நாராக ஏதோ ஒன்று, மஞ்சள் படிந்த பசையில் தோய்ந்து இறுகிக் கிடந்தது. தடவினேன். கண்ணுக்குத் தெரியாத முள் விரலெல்லாம் ஏறி அரிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் பழைய பத்திரிகைப் படம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு சிறிய கார் உடம்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி நாரால் செய்த உடம்பு, எடை இல்லை என்று அதன் கீழே எழுதியிருக்கும். நானும் தங்கையும் நம்பவில்லை. கண்ணாடியில் கார் செய்தால் உடையாதா என்று சண்டை போட்டிருக்கிறோம்.

சோறு தேடி என் கணவர்தான் வந்தார். நிலைமையைப் பார்த்ததும் சத்தம் போடாமல் வெளியிலிருந்து கதவை மேலே தூக்கி இழுத்தார். திறந்துகொண்டது.

"இன்னாமே பண்ற உள்ள? வெந்து பூடுவ!"

"இது இரும்பு இல்லீங்க" என்றேன். வேர்வை வழிய, விரலைச் சொறிந்துகொண்டு நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மல்லாட்டைப் பருப்போடு ஆணி, கம்பித்துண்டு எதுவும் கலந்து செக்குக்குள் போய்விடாமலிருக்க, பருப்பைக் கொட்டும் இடத்தில் ஒரு லாடக் காந்தம் தொங்கும். அவர் போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். காரின் முதுகில் வைத்தார். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. கதவில் வைத்தார், விழுந்தது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாமனார் வந்தார்.

காந்தத்தை வாங்கிக்கொண்டு அவர் காரை முழுக்கச் சுற்றினார். மூடி, கூரை, கதவு, பின்புறம். சக்கரத்தில் ஒட்டியது. உடம்பில் அது ஒட்டிய ஒரே இடம், டிங்கர் அடித்த தகரம்.

"பிளாஸ்டிக்கு" என்றார். பிளாஸ்டிக் பக்கெட் அப்போதுதான் அவலூர்பேட்டைச் சந்தை வரைக்கும் வந்திருந்தது. "பக்கெட்ட காருன்னு சொல்லி என் தலையில கட்டிட்டு பூட்டானே, படுபாவி! இதுக்கா நான் வாரா வாரம் எண்ணெய் ஊத்தினேன்?"

ஊற்றியது அவர், தேய்த்தது நான். மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வரும்போதே, "பக்கெட் காரு தண்ணி புடிக்குமா?" என்று அவர் வயதுக்காரர்கள் கேட்டார்கள். மாமனாருக்கு மானம் போயிற்று. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"எவனாச்சும் இத்த இழுத்துக்கினு போனா போதும். அந்தக் காசுல நீங்க ரெண்டு பேரும் பாண்டிக்கே போயி அந்த மோட்டார் சாமான் கடைய வெச்சிக்கங்க. இத்த பாத்தாலே வயிறு எரியுது."

என் கணவருக்கு மில்லில் மனம் ஒட்டவில்லை. பாண்டிச்சேரியில் மோட்டார் சாமான் கடை வைக்க வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். முதலுக்கு எங்கே போவது என்று சொல்லியே மாமனார் தள்ளிப்போட்டு வந்தார். இப்போது அவர் வாயாலேயே வந்துவிட்டது. "நெஜமாவா நைனா?" என்று இவர் கேட்டார். "வித்துட்டா போ. நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்" என்றார் அவர். நான் பரிமாறிய கையோடு அப்படியே நின்றேன். அந்த மாதம்தான் தங்கை எழுதியிருந்தாள், ஜூனில் பள்ளி திறக்கும்போது பிரெஞ்சு சொல்லித்தர ஆள் வேண்டுமென்று கன்னியாஸ்திரீகள் என்னைக் கேட்கிறார்கள் என்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

யாரிடம் விற்பது? என் கணவர் எண்ணெய் டின்களோடு மெட்ராஸ் போகும்போது, தெரிந்த மோட்டார் பட்டறையில் சொல்லி வைத்தார். சோழவரத்தில் கார் ரேஸ் ஓட்டும் ஒருவர் காதுக்கு அது போயிற்று. அவரிடமிருந்து பதில் வந்தது. உண்மையான பிரெஞ்சு வண்டி என்றால் வாங்கிக்கொள்வார். ஆனால் மெட்ராஸிலேயே இப்போது சிலர் பழைய காரின் மேல்பாகத்தை அறுத்துப் போட்டுவிட்டு, தாங்களே ஃபைபர் கிளாஸில் உடம்பு செய்து மாட்டுகிறார்கள், அப்படி ஒன்றென்றால் தனக்கு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பார்.

ஆக, இது எந்த வண்டி என்று முதலில் எனக்குத் தெரிந்தாக வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பதில் சீயக்காயைக் கரைத்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய் தவிர வேறென்ன? கதவோரம் ஒரு முழம் தேய்த்ததும் நீலம் வந்தது. தொட்டுப் பார்க்கத் தோன்றும் நீலம். என் கணவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மொத்தமா கழுவாத. பளபளன்னு ஆச்சின்னா நைனா மனசு மாறிடும். நல்ல பொருளுன்னு தெரிஞ்சா அவரு எதையும் வுடமாட்டாரு. உனக்கு அவரத் தெரியாது."

அதனால் தேவைப்பட்ட இடத்தை மட்டும் கழுவினேன். சக்கரத்துக்கு மூன்றே போல்ட்டு. அது போதும், கீழ்ப்பாகம் என்னவென்று தெரிந்துவிட்டது. பாண்டிச்சேரித் தெருக்களில் தடுக்கி விழுந்தால் கண்ணில் படும், பின்னால் எஞ்சின் வைத்த சின்ன பிரெஞ்சுக் கார். முன்விளக்கில் மஞ்சள் பல்பு, அதுவும் பிரெஞ்சு வழக்கம். மேல்பாகம்தான் கேள்வி. ஸ்டெப்னியை எடுத்துவிட்டு உள்ளே தேய்த்தபோது, ரிவெட் அடித்த ஒரு சிறிய தகடு தெரிந்தது. பிரான்சில் கடலோர ஊர் ஒன்றில் இருந்த ஒரு பட்டறையின் பெயர் அதில் இருந்தது. எல்லோர் வீட்டிலும் நிற்கும் காரின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே ரேஸுக்கென்று கண்ணாடி நார் உடம்பு பூட்டிய பட்டறை. விரல் விட்டு எண்ணும்படிதான் செய்தார்கள் என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். தங்கை ஒரு முறைகூடச் சரியாகச் சொல்லாத கார் இது.

தகடு மட்டும் இருந்தால் போதாது, அதை யாரும் எங்கிருந்தும் பெயர்த்து ஒட்டலாம். நான் உடம்பையே பார்த்தேன். வெளிப்புறம் கண்ணாடிபோல வழவழப்பு, நார்ப் பின்னல் முழுக்க உட்புறம். வார்ப்பு அச்சுக்குள்ளே நாரைப் பரப்பிச் செய்தால்தான் அப்படி வரும் என்று அதே பத்திரிகைகளில் படித்திருந்தேன். தனியாள் ஒரு வண்டிக்காகச் செய்யும்போது, கட்டையில் உருவம் செய்து அதன்மேல் பரப்புவான். அப்போது வெளிப்புறம்தான் சொரசொரப்பாக இருக்கும், அதை மறைக்க பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். இங்கே டிங்கர் உடைத்த விளிம்பில் பார்த்தால், நீலம் மேலே அடித்த பெயிண்ட் இல்லை. பசையோடு கலந்த நிறம், நகம் கனத்துக்கு உள்ளேயும் நீலமாகவே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். நாங்கள் பாண்டிச்சேரிக்குப் போகலாம்.

மெட்ராஸ்காரர் வந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர் நடு வயதுக்காரர், மரியாதையான மனிதர். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். தூசிப் பிசுக்கையும் டிங்கரின் ரிவெட்டுகளையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "லோக்கல் வேலை மாதிரித் தெரியுதே" என்றார். கொட்டகையைப் பார்த்த அடுப்பங்கரைக் கதவருகே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் சட்டென்று, "உள்ள ஒரு தகடு இருக்குதுங்க, பிரெஞ்சுல எழுதியிருக்குது. எங்க வீட்ல படிப்பாங்க" என்றார். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு யார் படிப்பது? "ஏம்மா, வந்து அது இன்னான்னு சொல்லிட்டுப் போ" என்று கூப்பிட்டார்.

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். தகட்டைத் தமிழில் படித்தால் மாமனாருக்குப் புரிந்துவிடும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிச் சேர்த்து, தணிந்த குரலில் வந்தவரிடம் சொன்னேன். தகடு இந்தப் பட்டறையுடையது. தகட்டை நம்ப வேண்டாம், உடைந்த விளிம்பைப் பாருங்கள், நிறம் உள்ளே வரை போகிறது. பின்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையை விட்டுப் பாருங்கள். கூரையும் பக்கமும் சேரும் இடத்தில், அச்சின் பாகங்கள் பொருந்திய அச்சுக் கோடு ஓடுகிறது.

"இன்னாம்மா சொல்ற அவருகிட்ட?" என்றார் மாமனார்.

"பழைய வண்டி, பிளாஸ்டிக்குதான், ரிப்பேர் பண்ணா ஓடும்னு சொல்றேன் மாமா."

"அதச் சொல்றதுக்கு இவ்ளோ நேரமா?"

வந்தவர் நான் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைக்குட்டையால் விளிம்பைத் துடைத்தார். பிறகு வெள்ளைக் கால்சட்டையோடு தரையில் முட்டி போட்டார். அடுத்து மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். ஐயா, வாங்குவதாக இருந்தால் முகத்தைக் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதரிடம் கத்த வேண்டும்போல இருந்தது. அதற்கும் எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் மாமனார் பக்கத்தில் வந்துவிட்டார்.

மெட்ராஸ்காரர் அடியிலிருந்து வெளியே வந்தபோது சட்டையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. முகம் அப்படி மலர்ந்திருந்தது. நேரே மாமனாரிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க பெரிய அதிர்ஷ்டசாலி. உங்க மருமக சொன்னது ஒவ்வொண்ணும் சரி. இது மெட்ராஸ் வேலை இல்ல, அசல். இந்த தேசத்துல இன்னொண்ணு இருக்கறதா நான் கேள்விப்பட்டதில்ல. இதுக்கு ஃபைபர் கிளாஸ்னு பேரு, பிளாஸ்டிக் பக்கெட் இல்ல. துருவே பிடிக்காது. இப்படிப் பார்த்துச் சொல்ல மெட்ராஸ்லகூட ஆள் கிடையாது. நீங்க என்ன கேட்டாலும் தர்றேன்."

நல்ல மனிதர். ஏமாற்றி வாங்க மனமில்லாதவர். நேர்மையான ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி வெறுத்ததில்லை.

மாமனார் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், எண்ணெய்ப் பிசுக்கோடு நின்ற பெரிய மனிதரைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து, நான் கழுவி வைத்திருந்த ஒரு முழம் நீலத்தை மெதுவாகத் துடைத்தார்.

"மன்னிச்சிக்கங்க சார். விக்கிறதா இல்ல" என்றார்.

வந்தவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். மாமனார் அவருக்குச் சாப்பாடு போட்டு, ஒரு டின் எண்ணெயும் கொடுத்து மரியாதையாக வழியனுப்பினார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு மில்லுக்குள் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் எதிரில் குரலை உயர்த்தாத நான், ஆபீஸ் அறைக்குள் போய் அவருக்கு நேராக நின்றேன்.

"வாக்கு குடுத்தீங்களே மாமா. நாங்க பாண்டிக்குப் போலாம்னு சொன்னீங்களே."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் எழுந்து, தம் எதிரிலிருந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"வண்டிய வித்துட்டா போங்கன்னு சொன்னேன். வித்துட்டனா? நீயே சொல்லு. அந்த மனுசன் இன்னா சொன்னான் கேட்ட இல்ல? மெட்ராஸ்லயே உன்ன மாதிரி ஆளு இல்லயாம். இப்படிப்பட்ட வண்டிய வெச்சிக்கினு, அத்தத் தெரிஞ்ச ஒரே ஆளையும் அனுப்பிட்டு நான் இன்னா பண்றது? நீதாம்மா இனிமே இதுக்கு எல்லாம்."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்காராமலே நின்றேன். என் கணவர் அடுத்த சில நாள் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினார். மில் ஓட வேண்டுமே. கடைக்கு முதல் எங்கே என்ற பழைய பேச்சு மறுபடியும் தொடங்கியது.

கொட்டகையை இடித்துவிட்டு, சிமெண்டுத் தரையும் கம்பிக் கதவும் வைத்துக் காருக்கு ஒரு அறை கட்டினார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அந்த இடத்துக்குக் காரைக்காலிலிருந்து ஒரு பெண்ணைப் போட்டுவிட்டதாகத் தங்கை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாமனார் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார். "ஏம்மா, வந்து சொல்லு" என்பார். அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நான் சொல்வேன். மூன்று போல்ட்டு, மஞ்சள் விளக்கு, உள்ளே பின்னல், அச்சுக் கோடு. ஊரில் பக்கெட் கார் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

ஒரு முறை, தாலுகா ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் காரைவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே, பிரெஞ்சுகூடப் படிச்சிருக்கீங்களாமே. எங்கேயாவது டீச்சர் வேலைக்குப் போகலாமே?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சிரித்தார். பெருமையில் அவருக்கு முகம் கொள்ளவில்லை.

"அதெல்லாம் எதுக்குங்க? ஆண்டவரு இந்த வண்டிக்குன்னே அனுப்பின பொண்ணு இது. அதுக்கு இங்கயே வேல இருக்குது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்குக் காபி எடுத்தாம்மா" என்றார்.